பென்சிலை விட மெல்லிய குழாய்

மோட்டார் காரின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் பட்டறையில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினின் அருகிலிருந்து புறப்பட்டு, வளைந்தும் நெளிந்தும் நான்கு சக்கரங்களை நோக்கி மெல்லிய உலோகக் குழாய்கள் செல்வதைக் காணலாம். அவற்றின் வெளி விட்டம் 4.75 மி.மீ. மட்டுமே. நீங்கள் எழுதும் பென்சிலின் விட்டம் இதைவிட அதிகம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்தும் பொறுப்பு இந்தக் குழாய்களிடம் உள்ளது. இவையே பிரேக் குழாய்கள்.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் கார் வைத்திருப்போரில் பலர் சிறு பழுதுகளை வீட்டுக் கொட்டகையிலேயே தாமே சரிசெய்து கொள்கிறார்கள். அங்கே பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பினால் பிரேக் குழாய்கள் துருப்பிடிக்கின்றன. ஆகவே பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்துவது அங்கு அடிக்கடி நேரும் வேலை. எந்தக் குழாயை வாங்குவது, எந்தக் கருவியால் வெட்டுவது, எதனால் முடுக்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை நம் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மிதியிலிருந்து சக்கரம் வரை

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. பதினேழாம் நூற்றாண்டில் கண்ட இவ்விதி, 1921ஆம் ஆண்டின் டூசன்பெர்க் கார் வழியாக நான்கு சக்கரப் பிரேக்காகச் சாலைக்கு வந்தது. அதற்கு முன் கம்பிகளாலும் தண்டுகளாலும் பிரேக்கை இழுத்தார்கள். நான்கு சக்கரங்களையும் ஒரே அளவில் இழுப்பது கடினமாக இருந்தது. திரவமோ யாரும் சொல்லாமலே அழுத்தத்தைச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். அவசரமாக நிறுத்தும்போது ஓட்டுநர் மிதியை 300 நியூட்டன் விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது விசையை 4 மடங்காக்குகிறது எனில் 1200 நியூட்டன் கிடைக்கும். இன்றைய கார்களில் எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் உதவிக் கருவி ஒன்று உண்டு. அது மேலும் 3 மடங்காக்குவதாகக் கொண்டால் 3600 நியூட்டன். இந்த விசை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதன் விட்டம் 20 மி.மீ. எனில் பரப்பு 314 சதுர மி.மீ. ஆகவே,

அழுத்தம் = 3600 ÷ 314 = 11.5 நியூட்டன் / சதுர மி.மீ.

அதாவது 11.5 மெகாபாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 113 மடங்கு! சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. எனில், அதன் மேல் செயற்படும் விசை சுமார் 22,500 நியூட்டன். இரண்டேகால் டன் எடையை வைத்து அழுத்தியது போன்ற விசை அது.

இந்த அழுத்தத்தைச் சுமந்து செல்வதுதான் நமது மெல்லிய குழாய். வழக்கமாகச் சிறிது வேகம் குறைக்க மிதியை 60 நியூட்டன் அளவில் தொட்டால் போதும். அப்போது குழாயினுள் 2.3 மெகாபாஸ்கல் அழுத்தமே இருக்கும். இவ்விரு எண்களையும் நினைவில் வையுங்கள். சாதாரண வேளையில் 2.3, ஆபத்து வேளையில் 11.5.

குழாய் எவ்வளவு தாங்கும்?

உள்ளே அழுத்தம் ஏறும்போது குழாயின் சுவர் நீளவாட்டில் பிளக்க முயலும். அது எந்த அழுத்தத்தில் பிளக்கும் என்பதைத் தோராயமாகக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் உண்டு.

வெடிப்பு அழுத்தம் = 2 × இழுவலிமை × சுவரின் தடிப்பு ÷ வெளி விட்டம்

பிரேக் குழாய்க்கான எஃகின் இழுவலிமை ஏறத்தாழ 330 மெகாபாஸ்கல். சுவரின் தடிப்பு 0.7 மி.மீ.; வெளி விட்டம் 4.75 மி.மீ. கணக்கிட்டால் விடை சுமார் 97 மெகாபாஸ்கல். அவசர பிரேக்கின் அழுத்தத்தைப் போல் இது எட்டு மடங்குக்கும் மேல். புதுக் குழாய் வெடிக்கும் என்று அஞ்ச வேண்டியதே இல்லை.

குழாயை ஏன் இவ்வளவு மெல்லியதாகச் செய்தார்கள் என்பதற்கும் இச்சூத்திரமே விடை சொல்கிறது. வெளி விட்டம் கீழே வகுக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரே தடிப்புள்ள இரு குழாய்களில் விட்டம் குறைந்ததே அதிக அழுத்தம் தாங்கும்.

துரு செய்யும் வேலை

உப்பு கலந்த நீர் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில் உறையும். சாதாரண உப்பைக் கொண்டு இந்த உறைநிலையை −21° செ. வரை இறக்கலாம். குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவது இதனால்தான். ஆனால் உப்புநீர் நல்ல மின்பகுளி. எஃகின் மேல் அது படிந்தால் துருப்பிடிக்கும் வேதிவினை விரைவாகிறது. நம் கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்வதும் இதே காரணத்தால்தான். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஏப்ரலில், உப்புத் தூவும் பகுதிகளில் பழைய கார் வைத்திருப்போர் காரின் அடிப்பகுதியைக் கழுவி வரவேண்டும், பிரேக் குழாய்களைச் சோதித்துக் கொள்ளவேண்டும் என்று அறிவுறுத்தியது.

துரு வெளியிலிருந்து உள்நோக்கி அரிக்கிறது. குழாயின் உள் விட்டம் 3.35 மி.மீ. அப்படியே இருக்க, சுவரில் 0.05 மி.மீ. மட்டும் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். வெளி விட்டம் இப்போது 3.45 மி.மீ. மேற்கண்ட சூத்திரப்படி வெடிப்பு அழுத்தம் 9.6 மெகாபாஸ்கல்.

நினைவில் வைத்த இரு எண்களை இப்போது ஒப்பிடுங்கள். 2.3ஐ இக்குழாய் தாங்கும், 11.5ஐத் தாங்காது. ஆகவே, தினந்தோறும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும்போது பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து, ஓட்டுநர் முழு பலத்தோடு மிதிக்கும் அந்த நொடியில்தான் குழாய் பிளக்கும். துரு சீராக அரிக்காமல் குழிகுழியாக அரிப்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. எனினும் பாடம் ஒன்றுதான்: "இதுவரை பிடித்தது" என்பது பிரேக் குழாய்க்கு நற்சான்று ஆகாது.

அப்படிப் பிளந்தாலும் பிரேக் முழுவதும் போய்விடாமலிருக்க, குழாய்களை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு முதல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஒரு சுற்று போனால் மற்றது நிற்கும். ஆனால் தடுக்கும் விசை பாதியானால் நிற்கும் தூரம் இரு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். அந்த வீதம் 3.5 ஆனால் 40 மீட்டர் ஓடும்.

எந்தக் குழாயை வாங்குவது?

கடையில் நான்கு வகைக் குழாய்கள் கண்ணில் படும்.

முதலாவது, எஃகுக் குழாய். இது சாதாரணக் குழாய் அன்று. தாமிரம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் இட்டுத் தாமிரத்தை உருக்கி, இரு சுற்றுகளையும் ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். பட்டறைகளில் இதைப் பண்டி குழாய் என்பார்கள். வலிமையானது, விலை மலிவு. வெளியே துத்தநாகம் அல்லது பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பூச்சு உரிந்த இடத்தில் துரு தொடங்கும்.

இரண்டாவது, தாமிர-நிக்கல் கலவைக் குழாய். இதில் 90 விழுக்காடு தாமிரமும் 10 விழுக்காடு நிக்கலும், சிறிது இரும்பும் உண்டு. கப்பல்களில் கடல்நீர் செல்லும் குழாய்களுக்குப் பயன்படும் கலவை இது. இழுவலிமையில் பிரேக் குழாய் எஃகுக்குச் சளைத்ததன்று. இதற்குச் செந்துரு பிடிப்பதில்லை. எஃகைவிட எளிதாக வளையும், விரியும். சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனம் 1976 முதல் தன் கார்களில் இதைப் பயன்படுத்தியது. வீட்டில் கைக்கருவிகளால் வேலை செய்வோருக்கு இதுவே ஏற்றது.

மூன்றாவது, நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருவேறா எஃகுக் குழாய். பார்க்க அழகு. ஆனால் இவ்வுலோகம் வளைக்க வளைக்க மேலும் கடினமாகும். வாயை விரிக்கும்போது விரிசல் விடலாம். உட்காரும் இடத்தில் மென்மையாக அழுந்திப் பொருந்தாமல் கசியவும் செய்யலாம். வலிமையான கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர்களுக்கே உரியது.

நான்காவது, குளிர்பதனப் பெட்டிகளுக்கு விற்கும் தூய தாமிரக் குழாய். இதை வாங்கவே கூடாது. பதப்படுத்திய தாமிரத்தின் இழுவலிமை சுமார் 220 மெகாபாஸ்கல். புதிதாக இருக்கும்போது வெடிப்பு அழுத்தக் கணக்கில் இது தேறிவிடும். ஆனால் கார் ஓடும்போது இடைவிடாத அதிர்வு உண்டு. ஒரு தாமிரக் கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள். முதலில் கடினமாகி, பிறகு ஒடியும். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். நின்ற இடத்தில் இருக்கும் பெட்டிக்குப் பொருந்துவது, ஓடும் காருக்குப் பொருந்தாது.

எதை வாங்கினாலும் பழைய குழாயின் வெளி விட்டமும் புதியதன் வெளி விட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும். நட்டின் மரையையும் சரிபார்க்க வேண்டும். அமெரிக்க அளவு நட்டு ஒன்றின் மரை விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ.; மெட்ரிக் நட்டின் விட்டம் 10 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். மாற்றிப் போட்டு முடுக்கினால் மரை கெட்டுவிடும்.

வாயை விரிக்கும் கலை

குழாயை மாஸ்டர் சிலிண்டரோடு எப்படி இணைப்பது? ரப்பரோ பசையோ இங்கு இல்லை. குழாயின் வாயைப் புனல் போல் விரித்து, நட்டால் அதனை உட்காருமிடத்தில் வைத்து அழுத்துகிறார்கள். உலோகத்தின் மேல் உலோகம் இறுகி அமர்ந்து கசிவைத் தடுக்கிறது.

4.75 மி.மீ. விட்டமுள்ள வாயை ஏறக்குறைய 7 மி.மீ. ஆக விரிக்கவேண்டும். அப்படியானால் விளிம்பின் சுற்றளவு 47 விழுக்காடு நீளவேண்டும். பிரேக் குழாய் எஃகு இழுத்தால் சுமார் 30 விழுக்காடு நீளும், பிறகு அறுந்துவிடும். வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகளும் இருக்கும். அங்கிருந்து விரிசல் தொடங்கும். ஆகவே ஒற்றையாக விரிக்கும் முறை பிரேக்குக்கு ஆகாது.

இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். முதலில் வாயை ஒரு சிறு அச்சால் அழுத்திக் குமிழ் போல் உப்பச் செய்வது. பிறகு 45° கூம்பால் அழுத்தி விளிம்பை உள்ளே மடிப்பது. இதுவே இரட்டை வாய். வெட்டிய விளிம்பு பெரிதாக நீளாமல் உள்ளே மடங்கிவிடுகிறது. வெளிச்சுற்றில் இருப்பது பிசிறில்லாத மடிப்பு. உட்காருமிடத்தில் சுவரும் இரு மடங்கு தடிப்பாகிறது. ஐரோப்பிய கார்கள் பலவற்றில் முதற்படியோடு நிறுத்திய குமிழ் வாயே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய குழாயைக் கழற்றியதும் அதன் வாய் எத்தகையது என்று பார்த்து அதே போல் செய்யவேண்டும்.

தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளைய இணைப்பை இங்கே போடலாமா? கூடாது. வழவழப்பான குழாயை வளையம் உராய்வால் மட்டுமே பிடித்திருக்கும். குழாயின் துளைப் பரப்பு 8.8 சதுர மி.மீ.; 11.5 மெகாபாஸ்கலில் அதனை வெளியே தள்ளும் விசை 100 நியூட்டனுக்கு மேல். ஒவ்வொரு மிதியிலும் இந்த இழுப்பு, கூடவே அதிர்வு. விரித்த வாயோ நட்டைத் தாண்டி வெளியே வரவே முடியாது.

கருவிப் பெட்டியில் ஐந்து கருவிகள்

1. குழாய் வெட்டும் கருவி: சிறு உருளைக் கத்தி குழாயைச் சுற்றிவந்து வெட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிதளவே முடுக்கவேண்டும். வாளால் அறுத்தால் வெட்டு கோணலாகும். உலோகத்தூள் உள்ளே விழுந்து நுண்ணிய வால்வுகளை அடைக்கும்.

2. பிசிறு நீக்கி: உருளைக் கத்தி உலோகத்தைச் சற்று உள்நோக்கி அழுத்திவிடும். அந்த உதட்டைச் சுரண்டி எடுக்கவேண்டும். இல்லையேல் வாய் சீராக விரியாது.

3. வாய் விரிக்கும் கருவி: மலிவான வகையில் இரு சட்டங்கள் குழாயைப் பிடிக்க, கூம்பு மேலிருந்து திருகி இறங்கும். மென்மையான தாமிர-நிக்கல் குழாய்க்கு இது போதும். எஃகுக் குழாயில் பிடி வழுக்கி வாய் கோணலாவது உண்டு. நெம்புகோலாலோ திரவ அழுத்தத்தாலோ இயங்கும் வகை விலை அதிகம். ஆனால் நேராக விரிக்கும்.

4. வளைக்கும் கருவி: குழாயை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். வளைவின் ஆரம் 14 மி.மீ. எனில் வெளிப்பக்க நீட்சி சுமார் 17 விழுக்காடு. இதைக் குழாய் தாங்கும். கையால் முழங்காலில் வைத்து வளைத்தால் ஓரிடத்தில் ஆரம் மிகச் சிறிதாகி, குழாய் நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

5. பிளவு வளைய ஸ்பானர்: சாதாரணத் திறந்தவாய் ஸ்பானர் அறுகோண நட்டின் எதிரெதிரான இரு பக்கங்களை மட்டுமே பற்றும். துருப்பிடித்த நட்டின் முனைகள் மழுங்கிவிடும். வளைய ஸ்பானர் எல்லா முனைகளையும் பற்றும். ஆனால் குழாய் குறுக்கே நிற்பதால் அதை மாட்ட முடியாது. குழாய் நுழையுமளவு மட்டும் ஒரு பக்கம் வெட்டிவிட்ட வளைய ஸ்பானரே இதற்கு விடை.

இன்னொரு சிறு செய்தி: வாயை விரிக்கும் முன்பே நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த வாய் நட்டுக்குள் நுழையாது. மறந்தால் வாயை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

காற்றை வெளியேற்றுதல்

புதுக் குழாயில் காற்று இருக்கும். திரவத்தை அமுக்குவது கடினம். நீரை 10 மெகாபாஸ்கலால் அழுத்தினாலும் அதன் கனஅளவு அரை விழுக்காடு கூடக் குறையாது. காற்றோ அதே அழுத்தத்தில் நூறில் ஒரு பங்காகிவிடும். 3 கன செ.மீ. காற்று உள்ளே இருந்தால், அதை அமுக்கவே பிஸ்டன் ஏறக்குறைய 1 செ.மீ. நகரவேண்டும். மிதி 4 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 4 செ.மீ. வீணாக இறங்கும். அதற்குப் பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்கும்.

ஆகவே ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறந்து குமிழ்களை வெளியேற்றுவார். மிதியை விடுமுன் திருகை மூடவேண்டும். குமிழ் வருவது நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மேலே உள்ள தொட்டியில் பிரேக் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205° செ.க்குக் கீழே கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140° வரை தாங்கினால் போதும் என்பது விதி. டாட் 4க்கு இவ்வெண்கள் 230°, 155°. மலையிறக்கத்தில் பிரேக் சூடாகி, பழைய ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி காற்றைப் போலவே அமுங்கும். மிதி தரைவரை இறங்கும். எனவே திறந்து பல நாள் வைத்திருந்த டப்பாவிலுள்ள ஆயிலைப் பயன்படுத்தக் கூடாது. காரின் வண்ணப்பூச்சிலும் அதைச் சிந்தவிடக் கூடாது.

எல்லாம் முடிந்தபின், காரை நிறுத்தி வைத்தபடியே மிதியை முழு பலத்தோடு அழுத்திச் சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும். மிதி மெல்ல இறங்கினாலோ, இணைப்பில் ஒரு துளி ஈரம் தென்பட்டாலோ கார் நகரக் கூடாது. மாணவர்கள் இவ்வேலையைத் தாமாகச் செய்ய முற்படக் கூடாது. தேர்ந்தவர் செய்யும்போது அருகிலிருந்து பார்த்துக் கற்கலாம்.

செய்து பாருங்கள்

ஊசியில்லாத 2 மி.லி., 10 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டை மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். காற்றே இல்லாமல் நீர் நிரப்புங்கள். சிறிய பிஸ்டனை ஒரு விரலாலும் பெரிய பிஸ்டனை மற்றொரு கையாலும் தள்ளிப் பாருங்கள். எது வெல்கிறது? சிறியது 1 செ.மீ. இறங்கும்போது பெரியது எவ்வளவு ஏறுகிறது என்று அளவிடுங்கள். பிறகு ஒரு பெரிய காற்றுக் குமிழை உள்ளே விட்டு, மறுபடியும் அழுத்துங்கள். மிதி 'பஞ்சு போல்' இருக்கிறது என்று மெக்கானிக் சொல்வதன் பொருள் விரலிலேயே தெரியும்.

பயிற்சிக் கணக்குகள்

1. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20க்குப் பதிலாக 25 மி.மீ. எனில், அதே 3600 நியூட்டன் விசைக்கு அழுத்தம் எவ்வளவு?

2. குழாயில் 2 கன செ.மீ. காற்று தங்கிவிட்டது. 20 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரில் மிதி எவ்வளவு தூரம் வீணாக இறங்கும்?

3. வெளி விட்டம் 6.35 மி.மீ., சுவர் 0.7 மி.மீ. உள்ள எஃகுக் குழாயின் வெடிப்பு அழுத்தம் என்ன?

விடைகள்: (1) 7.3 மெகாபாஸ்கல். (2) சுமார் 2.5 செ.மீ. (3) சுமார் 73 மெகாபாஸ்கல்.